மலை ஏறலாமா, கூடாதா

அந்தப் போன் வந்தபோது நான் பத்தாம் வகுப்புக்கு இனப்பெருக்கப் பாடத்தை முடித்துவிட்டு, ஸ்டாஃப் ரூமில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டிருந்தேன். இட்டுக்கட்டிச் சொல்கிறேன் என்று நினைப்பீர்கள், நினைத்துக்கொள்ளுங்கள். ஆந்திர எல்லையில் இருக்கிற நகரியில் தமிழ் மீடியம் பள்ளியில் அறிவியல் டீச்சர் நான். அந்தப் பாடம் வந்தால் மற்றவர்கள் வீட்டில் படித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குத் தாவிவிடுவார்கள். நான் போர்டில் படம் போட்டு நடத்துவேன். அதனால் எனக்கு வெட்கம் கொஞ்சம் குறைச்சல் என்று எங்கள் தெருவில் ஒரு பேர் உண்டு.

பேசியது, திருப்பதியில் நாங்கள் சிகிச்சை எடுத்துக்கொண்ட ஆஸ்பத்திரியின் கவுன்சிலிங் பெண். உறைய வைத்த கருக்களுக்குப் பத்து வருஷம் முடியப்போகிறது, அதற்கு மேல் வைத்திருக்கச் சட்டத்தில் இடமில்லை, மாதக் கடைசிக்குள் கணவனும் மனைவியும் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்றாள். ஒன்று, அப்படியே அழிய விடலாம். இல்லையென்றால் ஆராய்ச்சிக்குக் கொடுக்கலாம். கையெழுத்து வராவிட்டால் அவர்களே அழிய விட்டுவிடுவார்கள். "உங்களோடது மூணு இருக்கு மேடம்," என்றாள். தைக்கக் கொடுத்த ஜாக்கெட்டை வந்து வாங்கிக்கொண்டு போகச் சொல்கிற குரல்.

மூன்று இருக்கிறது என்பது எனக்குத் தெரியாதா? கல்யாணமாகி எட்டு வருஷம் குழந்தை இல்லாமல், வயிறெல்லாம் ஊசி குத்திக்கொண்டு, கடைசியில் ஐந்து கரு உருவானது. இரண்டை உள்ளே வைத்தார்கள். அதில் ஒன்று கரைந்துபோனது, ஒன்று இப்போது நாலாம் வகுப்பு படிக்கிறது, சாப்பிடச் சொன்னால் ஓடுகிறது. மீதி மூன்றையும் உறைய வைத்துவிட்டார்கள். இரண்டாவது குழந்தைக்கு இப்போது போகலாம், அப்புறம் போகலாம் என்று தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு எனக்கு வயதாகிவிட்டது. நகரியில் கரண்ட் போகும்போதெல்லாம் திருப்பதியிலும் போயிருக்குமோ என்று ஒரு நொடி பதறுவேன். அவற்றை வைத்திருப்பது திரவ நைட்ரஜனில், அதற்குக் கரண்டே வேண்டாம் என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் பத்து வருஷம் பதறியிருக்கிறேன்.

சாயங்காலம் வீட்டுக்குப் போய் என் கணவரிடம் சொன்னேன். அங்கேதான் நான் தப்புச் செய்தேன். எங்கள் வீட்டின் நடுக்கட்டில் பவர்லூம் ஓடுகிறது. என் கணவரும் அவர் அண்ணனும் சேர்ந்து நடத்துகிறார்கள். முன்கட்டில் அண்ணன் குடும்பம், பின்கட்டில் நாங்கள். தறி ஓடும் வீட்டில் யாரும் மெதுவாகப் பேசுவதில்லை. காதல் வார்த்தையைக்கூடக் கத்தித்தான் சொல்ல வேண்டும். அவர் தறிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு "இன்னா? இன்னா?" என்றார். நான் தொண்டை கிழிய, "நம்ம கரு மூணு இன்னும் அங்கியேதான் கீதாம், இன்னா பண்றதுன்னு கேக்குறாங்க," என்று கத்தினேன். பாதியிலேயே கரண்ட் போய்விட்டது. தறி நின்றது, என் குரல் மட்டும் நிற்கவில்லை. எதிர்வீட்டு அம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டு எட்டிப்பார்த்தார்.

அன்றிலிருந்து அந்த மூன்றும் என்னுடையவை அல்ல, தெருவுடையவை.

மற்ற சமயமாக இருந்திருந்தால் இவ்வளவு வந்திருக்காது. என் மூத்தார், அதாவது கணவரின் அண்ணன், மகனுக்குக் கல்யாணம் வைத்திருந்தார். திருமலையில் மண்டபம் பிடித்து, பத்திரிகை அடித்து, பாதி ஊருக்குக் கொடுத்தும் ஆகிவிட்டது. மாதக் கடைசி முடிந்து பதினைந்து நாளில் முகூர்த்தம். வீட்டில் சாவு விழுந்தால் ஒரு வருஷம் மலை ஏறக்கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். மூத்தார் இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டார். அந்த மூன்றையும் அழித்தால் அது சாவா, இல்லையா? சாவு என்றால் தீட்டு உண்டா? தீட்டு உண்டென்றால் எத்தனை நாள்? அந்த வருஷக் கணக்கும் உண்டா?

நான் சிரித்தேன். வேறு யாரும் சிரிக்கவில்லை.

புரோகிதரைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவர் தெலுங்குக்காரர், நல்ல மனுஷர். கர்ப்பத்தில் தங்கவே இல்லையே, அப்புறம் என்ன தீட்டு என்று முதல் நாள் சொன்னார். எனக்கு அவர் காலில் விழலாம் போல இருந்தது. மறுநாள் அவரே போன் போட்டு, குழந்தை வேண்டும் என்று சங்கல்பம் செய்து உண்டாக்கினது அல்லவா, அதனால் தம் குருவைக் கேட்டுத்தான் சொல்ல வேண்டும் என்றார். குரு மூன்று நாள் என்றாராம். புத்தூரிலிருந்து வந்த சம்பந்தி வீட்டுப் பெரியவர், பெயர் வைக்காததற்கு ஒரு முழுக்குப் போதும் என்றார். ஆளுக்கொரு கணக்கு. விடை மட்டும் யாருக்கும் ஒத்துவரவில்லை.

மூத்தார் வேறு ஒரு வேலையாகச் சித்தூர் கோர்ட்டுக்குப் போனபோது அங்கே தெரிந்த வக்கீலையும் கேட்டுவிட்டு வந்தார். வயிற்றில் இருக்கும் பிள்ளைக்குச் சொத்தில் பாகம் உண்டு, இது வயிற்றில் இல்லை, பார்த்துத்தான் சொல்ல வேண்டும் என்று வக்கீல் இழுத்திருக்கிறார். போனது தீட்டைப் பற்றிக் கேட்க. வந்தது பாகப்பிரிவினைப் பயத்தோடு. அன்று முழுக்க தறியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். கண்ணுக்கே தெரியாத மூன்று பேர் வந்து தறியில் பங்கு கேட்பார்கள் என்று ஒரு மனுஷர் நிஜமாகவே கவலைப்படுவதை அன்றுதான் பார்த்தேன்.

அதற்குள் வரதய்யபாளையத்திலிருந்து தூரத்து உறவுக்காரப் பெண் ஒருத்தி போன் செய்தாள். அவளுக்கும் குழந்தை இல்லை. வீணாக்குவதற்குத் தனக்குக் கொடுத்துவிடக்கூடாதா என்று அழுதாள். அவளிடம் எரிந்துவிழ முடியவில்லை. கவுன்சிலிங் பெண்ணைக் கேட்டேன். எங்களுக்கென்று உண்டாக்கியதை வேறு ஜோடிக்கு வைக்கச் சட்டம் விடாது என்றாள். வேண்டும் என்று கேட்கிறவளுக்குக் கொடுக்க முடியாது, வேண்டாம் என்றால் சாகவிடலாம். இந்தச் சட்டத்தை எழுதியவர்களில் ஒருவராவது ஒருநாள் அந்த ஆஸ்பத்திரி வராண்டாவில் உட்கார்ந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வரதய்யபாளையத்துப் பெண்ணிடம் நான்தான் மறுபடி பேசி, இல்லை என்று சொல்ல வேண்டியிருந்தது.

இதில் என் கணவர் என்ன சொன்னார் என்று கேட்பீர்கள். "உன் இஷ்டம்" என்றார். உலகத்திலேயே எனக்குப் பிடிக்காத இரண்டு வார்த்தைகள் அவை. பெருந்தன்மை மாதிரி இருக்கும். எடுத்துப் பார்த்தால் பாரம் முழுக்க நம் தலையில் இருக்கும். பாதி அவருடையதுதானே? பாடத்தில் நான் நடத்துகிறேனே, இருபத்து மூன்று குரோமோசோம் அங்கே, இருபத்து மூன்று இங்கே என்று.

எனக்கு ஆராய்ச்சிக்குக் கொடுக்கலாம் என்றுதான் தோன்றியது. உடனே தோன்றிவிடவில்லை. அந்தக் கருவிலிருந்து ஸ்டெம் செல்லை எடுத்து வளர்ப்பார்கள், அதை நரம்பாகவோ இதயமாகவோ மாற்ற முடியுமா என்று பார்ப்பார்கள், எடுக்கும்போதே கரு முடிந்துபோகும். வகுப்பில் இதை நான் சர்வசாதாரணமாகச் சொல்லியிருக்கிறேன். என்னுடையது என்று வந்தபோது இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. நைட்ரஜனிலிருந்து எடுத்துச் சும்மா கரையவிடுவதை நினைத்தாலும் இறங்கவில்லை. இவ்வளவு பாடுபட்டு உண்டானவை ஒன்றுக்கும் ஆகாமல் போகக்கூடாது என்று மட்டும் இருந்தது. அதற்குக் கையெழுத்தை மாதக் கடைசிக்குள் போட்டாக வேண்டும். கல்யாணம் முடியட்டும் என்று காத்திருந்தால் அழிவுதான் மிச்சம்.

இதை வீட்டில் எல்லோரையும் வைத்துக்கொண்டு சொன்னேன். மூத்தார் பேசுவதற்கு முன்னால் என் ஓரகத்தி பேசினார். மூத்தாரின் மனைவி, மாப்பிள்ளையின் அம்மா, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர். கல்யாணம் முடிகிற வரைக்கும் அந்தப் பேச்சையே எடுக்கக்கூடாது என்றார்.

"அக்கா, அது மணல் துகளைவிடச் சின்னது," என்றேன்.

"உயிருன்னா உயிருதான் டீச்சரம்மா. கண்ணுக்குத் தெரிஞ்சாத்தான் கணக்கா?"

"அப்போ கல்யாணத்துக்கு முன்னால கையெழுத்துப் போட்டா சாவு, கல்யாணம் ஆன மறுநா போட்டா ஒண்ணும் இல்லியா? இது எந்த ஊரு நியாயம்?"

அத்தோடு நான் நிறுத்தியிருக்க வேண்டும். மூன்று வாரமாகப் புரோகிதர், வக்கீல், எதிர்வீடு, சம்பந்தி வீடு என்று கேட்டுக் கேட்டு எரிச்சல் மண்டைக்கு ஏறியிருந்தது. என் உடம்பிலிருந்து உண்டானதைப் பற்றி என்னைத் தவிர எல்லோரும் பேசிவிட்டார்கள் என்ற ஆத்திரம்.

"உங்க அஞ்சு மாசத்துக்கு இந்த வீட்ல யாரு தீட்டுப் பாத்தாங்க?" என்றேன்.

அது எனக்கு மட்டும் தெரிந்த விஷயம் இல்லை. ஆனால் யாரும் பேசாத விஷயம். நான் இந்த வீட்டுக்கு வருவதற்கு முன்னால் நடந்தது. ஓரகத்திக்கு இரண்டாவது கர்ப்பம் ஐந்தாம் மாதத்தில் கலைந்துபோனது. அதே மாதத்தில் மூத்தார் தறியில் கையை விட்டு முறித்துக்கொண்டு, புத்தூரில் கட்டுப் போட்டு, கை கூடினதும் மலைக்கு வருவதாக வேண்டிக்கொண்டிருந்தார். கை கூடியது. குடும்பமே வேனில் மலை ஏறியது. தீட்டு, வருஷம் என்று ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. ஓரகத்திக்கு இன்னும் உதிரம் முழுசாக நிற்கவில்லை, ஆனாலும் போனார். புருஷன் கைக்காக, முடி காணிக்கை கொடுக்கிற கல்யாணக்கட்டையில் உட்கார்ந்து மூன்று கத்தரி முடியும் கொடுத்துவிட்டு வந்தார். பெண்கள் முழு மொட்டை அடிக்காமல் நுனிமுடியை மூன்று முறை வெட்டிக் கொடுப்பது அங்கே வழக்கம். என் சிகிச்சைக் காலத்தில், ஊசி குத்திக் கன்றிப்போன என் வயிற்றில் ஐஸ் வைத்துக்கொண்டே அவர் இதையெல்லாம் ஒருநாள் சொன்னார். பொம்பளைப் பிள்ளை, விரலெல்லாம் இருந்தது என்றார். என்னை நம்பிச் சொன்னதை எடுத்து அவர் மூஞ்சியிலேயே வீசிவிட்டேன்.

ஓரகத்தி எழுந்து உள்ளே போய்விட்டார். மூத்தார் தம் கையைப் பார்த்துக்கொண்டார். அன்றைக்குப் பார்த்து கரண்டும் போகவில்லை. தறி பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. கூட்டம் கலைந்தது. கெடுவெல்லாம் ஆஸ்பத்திரிக்காரர்கள் சும்மா சொல்வது, பதினைந்து நாள் பொறுக்க மாட்டார்களா என்று, கல்யாணத்துக்கு அப்புறம்தான் கையெழுத்து என்று முடிவானதாக மூத்தாரே ஊருக்குச் சொல்லிவிட்டார்.

மாதம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது, பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு நானும் என் கணவரும் திருப்பதி ரயில் ஏறினோம். பத்திரிகை கொடுக்கப் போகிறோம் என்று வீட்டில் பொய். கிளம்பும்போது ஓரகத்தி பேசவில்லை. எங்களுக்குத் தயிர்சாதம் கட்டி, டப்பாவை வாசல்படியில் வைத்துவிட்டுப் போனார். பத்திரிகை கொடுக்கப் போகிறவர்களுக்குப் போகிற வீட்டில் சோறு போட மாட்டார்களா என்று எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

கவுன்சிலிங் பெண் திருத்தணியிலிருந்து தினமும் வந்து போகிறவளாம். எல்லாவற்றையும் தெலுங்கில் ஒருமுறை, தமிழில் ஒருமுறை ஒப்பித்தாள். படிவத்தில் "உயிரியல் பொருள்" என்று போட்டிருந்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. பத்து வருஷத்துக்கு முன்னால் இதே ஆஸ்பத்திரியில், இதே மாதிரி ஒரு நாற்காலியில் என்னை உட்காரவைத்து, உங்கள் பாப்பாக்கள் அஞ்சு பேரும் நல்லா வளர்றாங்க மேடம் என்று படம் காட்டினார்கள். கையில் பிரிண்ட் வேறு கொடுத்தார்கள். உள்ளே வைக்கும்போது பாப்பா, வெளியே எடுக்கும்போது பொருளா என்று கேட்டேன். அந்தப் பெண் பாவம், அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்திருப்பாள். படிவம் மேலே இருந்து வருவது மேடம் என்றாள். என்ன ஆராய்ச்சி, என்ன கண்டுபிடித்தார்கள் என்று எங்களுக்குச் சொல்வார்களா என்றும் கேட்டேன். சொல்ல மாட்டார்கள்.

அதுவரை ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்த என் கணவர் அப்போதுதான் வாயைத் திறந்தார். "அதுங்களுக்கு வலிக்குமா?" என்றார்.

நரம்பே இன்னும் உண்டாகவில்லை, வலிக்காது சார் என்றாள் அவள். அவர் தலையை ஆட்டிவிட்டுப் பேனாவை வாங்கினார். பத்து வருஷமாக அந்த மூன்றையும் பற்றி அவரும் நினைத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். சொல்லித் தொலைத்திருந்தால் நான் தனியாகப் புழுங்கியிருக்க மாட்டேனே என்று ஆத்திரமாக வந்தது, அழுகையும் வந்தது. அவர் தெலுங்கில் கையெழுத்துப் போட்டார், நான் தமிழில் போட்டேன். ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து தயிர்சாதத்தைச் சாப்பிட்டோம்.

கல்யாணம் நன்றாகவே நடந்தது. தாலி கட்டும்போது மழையில்லை, சண்டையில்லை, மைக்குக்கூட ஒழுங்காக வேலை செய்தது. பந்தி முடிந்ததும் மூத்தார் என் கணவரின் தோளில் கை போட்டுக்கொண்டு, "நான் சொன்னத கேட்டீங்க, எல்லாம் நல்லபடியா ஆச்சு. அடுத்த வாரம் திருப்பதிக்குப் போயி அந்த வேலைய முடிச்சிக்கினு வந்துடுங்க," என்றார். என் கணவர் "ஆவட்டும்ணா" என்றார். நான் வாயை மூடிக்கொண்டேன். இந்தக் குடும்பத்தில் நான் வாயை மூடிக்கொண்ட சந்தர்ப்பங்கள் குறைவு. அதில் அது ஒன்று.

தரிசனத்துக்கு இன்னும் நேரம் இருந்தது. யாரிடமும் சொல்லாமல் கல்யாணக்கட்டைக்கு நடந்தேன். தீட்டிலும் வேண்டுதலிலும் எனக்குப் பெரிய நம்பிக்கை கிடையாது. மூன்று கத்தரி என்ற வழக்கம் இருக்கிறது, எனக்கு மூன்று பேர் இருக்கிறார்கள், அவ்வளவுதான். பெண்கள் பக்கத்து வரிசையில் போய் உட்கார்ந்து, மூன்று கத்தரி என்றேன். கத்தரி வைத்திருந்த அம்மா என் ஜடை நுனியை ஈரமாக்கினாள்.

பக்கத்துப் பலகையில் பட்டுப்புடவை சரசரத்தது. மாப்பிள்ளையின் அம்மா. சம்பந்திகளை அப்படியே விட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருந்தார். அன்றைக்குப் பேசிய பேச்சுக்கு அப்புறம் நாங்கள் இரண்டு பேரும் நேராக ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

"டப்பாவ கழுவி வெச்சியே, அன்னிக்கே தெரியும்," என்றார். "பத்திரிகை குடுக்கப் போனவங்க யாராவது கட்டுச்சோறு துன்னுட்டு வருவாங்களா?"

தெரிந்தும் மகனை மணையில் உட்காரவைத்திருக்கிறார். "அக்கா, நான் அன்னிக்குப் பேசினது தப்பு," என்றேன்.

"தப்புத்தான்," என்றார். பிறகு ஜடையை முன்னால் எடுத்துப் போட்டுக்கொண்டு, கத்தரிக்கார அம்மாவிடம் தனக்கு ஒன்று போதும் என்றார். ஒன்று யாரும் கொடுப்பதில்லை, மூன்றுதான் முறை என்று அவள் தெலுங்கில் சொன்னாள். பின்னால் வரிசையில் நின்றவர்கள் சீக்கிரம் ஆகட்டும் என்றார்கள்.

"அவரு கைக்கு அன்னிக்கே மூணு குடுத்துட்டேன்," என்றார் ஓரகத்தி. "இது அதுக்கு. ஒண்ணே ஒண்ணுதான்."

அந்த அம்மா எங்கள் இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு, வேறு எதுவும் கேட்காமல் ஒரே ஒருமுறை வெட்டினாள்.